குழாய்த் தண்ணீர் குடித்த கார்

எங்கள் கார் மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார். இதைக் கேட்டால் டவுனில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கவேண்டியதுதானே என்பார்கள், ஏதோ வார் அறுந்த செருப்பைச் சொல்வதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பட்டென்று எதையாவது சொல்லிவிட்டு அப்புறம் உட்கார்ந்து வருத்தப்படுவது என் வாடிக்கை. அந்தக் கோடையில் நான் சொன்ன இரண்டு வார்த்தைகளை இன்னும் என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், அந்தக் கார்தான் என் வீட்டுக்காரரை மதுரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்த்தது. சர்க்கரை வியாதி முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகம் இரண்டையும் தின்றது. ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புவார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார். ஆக, கார் ஓடினால் அவர் இருப்பார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். காலை பஸ் ஏழரைக்கு வரும். மதுரையில் எட்டு மணிக்கு அவர் மெஷினில் படுத்திருக்க வேண்டும். மதுரையிலேயே தங்கிவிடலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. மாடு இரண்டையும் யார் பார்ப்பது, உப்பில்லாமல் அளந்து சமைக்கிற சோற்றை எந்த லாட்ஜில் போய் ஆக்குவது என்று கேட்டால் பதில் வராது. ஒரே மகள் ஓசூரில் நிறைமாதமாக இருந்தாள். அவளிடம் எதையும் சொல்வதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம்.

கார் அவர் வாங்கியது. பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருசம் பழைய வண்டியாக வாங்கி, பன்னிரண்டு வருசம் அவர்தான் ஓட்டினார். கண் மங்கியதும் சாவியை என் கையில் கொடுத்தார். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கண்மாய்க்குள் தண்ணீர் இல்லாத காலமாகப் பார்த்து, அதற்குள்ளேயே வண்டியை இறக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில் நாலுவழிச் சாலையில் லாரிகளை முந்திக்கொண்டு மதுரை போனேன்.

அந்த வருசம் தை மாதம் அருப்புக்கோட்டை மெக்கானிக் தம்பி காரை ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தான். கிளச்சு, டைமிங் பெல்ட்டு, தண்ணீர் பம்பு, முன்பக்க சஸ்பென்ஷன், கடைசியாக இஞ்சின் ஹெட்டு. ஹெட்டு என்பது இஞ்சினுக்கு மேலே மூடிபோல உட்கார்ந்திருக்கும் அலுமினியப் பாகம். அதற்கு எதிரே மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். நாற்பது வயதுக்காரன், எங்கள் வண்டியை இளந்தாரியாக இருந்தபோதே பார்த்தவன். எல்லாம் செய்தால்தான் வண்டி தாங்கும் என்றான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய மூன்று வாரம் வண்டி அவனிடம் நிற்க வேண்டும். எங்களால் மூன்று நாளைக்கு மேல் விடமுடியாது.

பணம்தான் இடைஞ்சல் என்று நினைத்துவிட வேண்டாம். கழுத்தில் கிடப்பதைக் கழற்றி வைக்க நான் தயாராகத்தான் இருந்தேன். நாள்தான் இல்லை. மாதக் காலண்டரில் திங்களையும் வியாழனையும் சிவப்பில் வட்டம் போட்டேன். வியாழன் சாயங்காலம் திரும்பி வந்தால் அடுத்த திங்கள் விடியும்வரை வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாள்தான் வண்டிக்கு. ஞாயிற்றுக்கிழமை உதிரிபாகக் கடை கிடையாது, லேத்துப் பட்டறை கிடையாது. தம்பி வேதக்காரன், சர்ச்சுக்குப் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வந்து எங்களுக்காக மட்டும் கடையைத் திறப்பான். இப்படித் துண்டு துண்டாக வெட்டி, மாசியில் கிளச்சை முடித்தோம். பங்குனியில் பெல்ட்டும் பம்பும். சித்திரையில் சஸ்பென்ஷன். ஒவ்வொன்றும் முடியும்போது நான் பட்டியலில் ஒரு கோடு இழுப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “கோடு போட்டியா?” என்று கேட்டுக்கொள்வார்.

கிளச்சு வேலைக்கு விட்டபோதே தம்பிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது புகை வெள்ளையாக வருகிறது, ஹெட்டில் தண்ணீர் கசிந்தால்தான் அப்படி வரும் என்றான். இஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் டப்பாவில் அளவு குறைகிறதா என்று கேட்டான்.

“ஒரு சொட்டுக் கொறையல தம்பி. ஞாயித்துக்கெழமை தவறாம நாந்தான் தெறந்து பாக்குறேன். வச்சது வச்சபடி இருக்கு.”

“அப்ப ஹெட்டு தாங்கும்க்கா. அதக் கடைசியா வச்சுக்கிடுவோம்.”

பெருமையாகச் சொன்னேன் நான். வண்டியை ஆம்பிளைகளைவிட நன்றாக வைத்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள எனக்கு ஓர் ஆசை. அவனும் அந்த வார்த்தையை நம்பித்தான் ஹெட்டைக் கடைசியில் வைத்தான். பச்சைத் திரவம் ஊற்றி நிரப்பிவிட்டு, குறைந்தால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லி அனுப்பினான். குறையவே இல்லையே, எதற்கு ஊற்றப் போகிறேன் என்று வந்துவிட்டேன்.

வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, மதுரையிலிருந்து திரும்பும்போது காரியாபட்டி தாண்டியதும் வண்டி கொதித்தது. சூட்டு முள் விறுவிறுவென்று ஏறியதைப் பார்த்து ஓரம் கட்டுவதற்குள் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி பீறிட்டது. மெஷினிலிருந்து இறங்கி வந்த நாளில் அவர் துவண்ட கீரைத்தண்டு மாதிரி இருப்பார். அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்தேன். ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டியையும் கையை ஆட்டி மறித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, தெரிந்த மினிலோடு லாரிக்காரர் ஒருவர் நின்று, காரைக் கயிறு கட்டி அருப்புக்கோட்டைக்கு இழுத்து விட்டுவிட்டு எங்களை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். தம்பி ஹெட்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டிருந்தான். தண்ணீர் ஓடுகிற துவாரங்களில் எல்லாம் சுண்ணாம்புக் காரைபோல வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினான். பொருக்கோடு அலுமினியமும் சேர்ந்து உதிர்ந்தது. அவன் நிதானமாகத்தான் கேட்டான், என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று.

நான் கொதித்துப்போனேன். நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை, நீ ஊற்றின பச்சைத் தண்ணீர்தான் இதற்குள் இருந்தது, என்ன கருமத்தை ஊற்றினாய், வாங்கின காசுக்கு நல்லதை ஊற்றக் கூடாதா என்று அங்கே நின்ற நாலு பேருக்கு முன்னால் கத்தினேன். ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடுகிறாயே, உனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே என்றுகூடச் சொன்னேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, நாளைக்கு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உப்புப் படிந்து ஹெட்டே அரித்துவிட்டது, அந்தப் பயல் குழாய்த் தண்ணீரைச் சாயம் போட்டு ஊற்றியிருக்கிறான், நம்பிக் கெட்டோம் என்று சொல்லிக்கொண்டே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“அவன வையாத. நாந்தான் ஊத்துனேன்.”

எனக்குப் புரியவில்லை. விளங்கச் சொன்னார். எனக்கு முன்னால் எழுந்து, மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, தினமும் காலையில் பானெட்டைத் திறந்திருக்கிறார். கண் தெரியாவிட்டால் என்ன, பன்னிரண்டு வருசம் தொட்ட வண்டி, கை தானாகப் போகும். டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நனையாவிட்டால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். கொல்லைக் குழாயில் பிடித்த போர்வெல் தண்ணீர். நாலு மாதமாக.

எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் சோப்பு நுரைக்காது. பாத்திரத்தில் விட்டு வைத்தால் விளிம்பில் வெள்ளையாக ஓடு கட்டும். குடிக்கிற தண்ணீர் வண்டியில் வரும். குடம் இவ்வளவு என்று காசு கொடுத்துப் பிடித்து, மூடி வைத்து, செம்பு செம்பாகச் செலவழிப்போம். நல்ல தண்ணீரில் கை கழுவினால் எங்கள் வீடுகளில் அடி விழும். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் ஓர் இரும்புக்கு ஊற்றுவது என்பது எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் மனசு வராத காரியம். டவுன் மெக்கானிக் நல்ல தண்ணீர் ஊற்று என்றால் நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்து குழாயைத்தான் திறப்போம். டிராக்டருக்கும் அதுதான், மோட்டாருக்கும் அதுதான்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன்.

“ஒனக்கு இருக்குற வேலையில இது ஒண்ணாவது எங்கையால நடக்கட்டும்னு நெனச்சேன். பெறகு...” என்று நிறுத்தினார். “எனக்குத்தான் தண்ணி அளந்து குடுக்குற. வண்டியாவது வயிறாரக் குடிக்கட்டும்னு ஊத்துனேன் புள்ள.”

டாக்டர் கணக்குப்படி அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். அதில்தான் மாத்திரையும், காப்பியும், எல்லாம். அந்த வெயிலில் அவர் நாக்கு வறண்டு உதட்டைத் தடவிக்கொண்டே இருப்பார். நான் பாட்டிலில் கோடு போட்டு வைத்து, கோட்டுக்கு மேலே ஒரு மடக்குக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட மனுசர் காலையில் குழாயைத் திறந்து, தண்ணீர் செம்பில் விழுகிற சத்தத்தைக் கேட்டு, வண்டிக்கு ஊற்றியிருக்கிறார்.

இது எல்லாம் இப்போது எழுதும்போது வருகிற ஈரம். அன்றைக்கு எனக்கு வந்தது ஆத்திரம். வண்டி நாலு மாதமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அது குறைவதை நான் பார்த்திருந்தால் மாசியிலேயே ஹெட்டை இறக்கியிருப்போம், ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் ஒன்றோடு முடிந்திருக்கும். அவர் காலையில் நிரப்பி வைக்க, நான் ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்துவிட்டு ஒரு சொட்டுக் குறையவில்லை என்று பெருமை அடித்திருக்கிறேன். அதை நம்பி அவன் ஹெட்டைக் கடைசியில் வைத்திருக்கிறான். காலண்டரில் வட்டம் போட்டு நான் வகுத்த திட்டம் முழுக்கப் பொய்.

“நீங்க ஊத்துனது தண்ணியில்ல. ஒங்க உசுர நீங்களே கவுத்திக் கொட்டிட்டீக” என்றேன்.

சொன்ன மறுநொடியே திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்திருந்தால் எடுத்திருப்பேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டு, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை காலையில் பட்டறைக்குப் போய்த் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். நேற்று யார் முன்னால் கத்தினேனோ அவர்களில் இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிவிட்டான். அவுக மனசு சங்கடப்படும்படி ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் அக்கா என்றான். ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெட்டை விருதுநகர் லேத்துப் பட்டறைக்குக் கொடுத்து அனுப்பியிருந்தான். மத்தியானம் போனில் பதில் வந்தது. சீவித் தேற்றுகிற நிலையில் இல்லை, அரித்த இடம் பொத்தலாகிவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த மாடல் வண்டி இப்போது வருவதில்லை. புது ஹெட்டு சொல்லிவைத்து வரவழைக்க இருபது நாளாவது ஆகும்.

திங்கட்கிழமைக்கு வாடகைக் கார் தேட ஆரம்பித்தேன். வைகாசி முகூர்த்தம். அருப்புக்கோட்டை, மல்லாங்கிணறு, திருச்சுழி என்று எனக்குத் தெரிந்த, தெரியாத எல்லா டிரைவர்களுக்கும் போன் போட்டேன். மாப்பிள்ளை வண்டி, பெண் வீட்டு வண்டி, சீர் வண்டி என்று எல்லாமே போய்விட்டது. ஒருவர் மட்டும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். திங்கள் காலை ஐந்தரைக்கு வாசலில் நின்றோம். ஆறு ஆயிற்று. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த டிரைவருக்கும் ஏதோ நல்ல கிராக்கி கிடைத்திருக்கும், என்னத்தைச் சொல்ல.

பக்கத்து வீட்டுப் பையனின் பைக்கில் நடுவில் அவரை உட்கார வைத்துப் பின்னால் நான் அணைத்துப் பிடித்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் அருப்புக்கோட்டை, அங்கே இறங்கி மதுரை பஸ். உட்கார இடம் கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரியில் நுழையும்போது மணி ஒன்பதரை. அடுத்த ஆள் வந்துவிடுவார் என்று சொல்லி மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகத்தான் மெஷினில் போட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லாமல் நான் நர்சின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சாத நான்.

திரும்பும்போது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவர் விழுந்துவிட்டார். படியிலிருந்து காலை வைத்தவர், தரை இருக்கிற இடம் தெரியாமல் முன்னால் சாய்ந்து, முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேட்டி அவிழ்ந்துவிட்டது. கூட்டம் சுற்றி நின்று குடித்திருக்கிறார் என்று பேசிக்கொண்டது. நான் அந்தக் கூட்டத்தை என்ன திட்டுத் திட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. வேட்டியைச் சுற்றிக் கட்டி, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி ஒரு கடையோரம் உட்கார வைத்தேன். நாற்பது கிலோவைக் கொஞ்சம் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். ஒரு காலத்தில் பருத்தி மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கி வண்டியில் எறிந்தவர்.

அங்கே உட்கார்ந்துதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, தீர்மானமாகச் சொன்னார்.

“இனி பஸ்ஸுல ஏலாது. வெயாழக்கெழமை நம்ம கார் வந்தா வாரேன். இல்லேன்னா விட்டுரு.”

“விட்டுருன்னா?”

“விட்டுருன்னா விட்டுருதான். நான் கெடுத்தது. நீ ஏன் தெருத் தெருவா அலையணும்?”

நான் அவரைப் பிடித்து உலுக்கவில்லை, கத்தவில்லை. வெள்ளிக்கிழமை நான் சொன்ன வார்த்தை அவருக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த நிமிசம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்ததும் பட்டறையில் போய் நின்றேன். நான் மதுரையில் கெஞ்சிக்கொண்டிருந்த அதே திங்கட்கிழமை தம்பியும் மதுரை போயிருந்திருக்கிறான், பழைய வண்டிகளை உடைக்கிற இடத்துக்கு. எங்கள் மாடலில் ஒரு ஹெட்டு கிடைத்திருந்தது. ஆனால் அவன் முகத்தில் சந்தோசமில்லை. என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரே டயர் மேல் உட்கார்ந்துகொண்டான்.

வண்டி கொதித்ததில் கீழ் இஞ்சினும் அடிவாங்கியிருக்கிறது என்றான். முறையாகச் செய்தால் இஞ்சினை வெளியே இறக்கி, பிஸ்டன், ரிங்கு எல்லாம் மாற்றி, புது ஹெட்டை வரவழைத்துப் போட வேண்டும். குறைந்தது மூன்று வாரம். அப்படிச் செய்தால் அது புது இஞ்சின் மாதிரி. இல்லையென்றால், இந்தப் பழைய ஹெட்டைப் புது கேஸ்கட் வைத்து மேலே பூட்டி, ரேடியேட்டரை மட்டும் மாற்றி ஓட விடலாம். புதன் ராத்திரிக்குள் முடித்துவிடுவேன் என்றான். இப்போது பழையதைப் போட்டு ஓட்டிக்கொண்டு, மகள் பிரசவம் முடிந்தபிறகு ஆற அமர முழு வேலையும் செய்தால் என்ன என்று கேட்டேன். தேய்ந்த ரிங்கோடு ஓட்டினால் உள்சுவர் முழுக்கக் கீறிவிடும், அப்புறம் அந்த இஞ்சினில் வேலை செய்ய ஒன்றும் மிஞ்சாது, எடைக்குத்தான் போடணும் என்றான். இரண்டில் ஒன்றுதான்.

பிறகு அவன் கேட்டான். எந்த வண்டிக்காரர் வந்தாலும் வேலை தொடங்குமுன் அவன் கேட்கிற கேள்விதான் அது. அதில் ஒரு விகல்பமும் இல்லை.

“இன்னும் எத்தன வருசம் ஓட்டணும்க்கா? அதச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன செஞ்சுருவோம்.”

சித்திரை மாதம் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டிருந்தார். இருதயமும் வலு இழந்துகொண்டு வருகிறது, பெரிய பெரிய திட்டமெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டாம் அம்மா, இந்த வருசத்தைப் பார்ப்போம் என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. காலண்டரில் வட்டம் போடுவதும் பட்டியலில் கோடு இழுப்பதுமாகக் கையை வேலையில் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்து அதையே கேட்கிறான். ஐந்து வருசம், பத்து வருசம் என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் மூன்று வாரம். மூன்று வாரத்துக்கு ஆறு நாள் மதுரை. அவர் இந்த வியாழக்கிழமையே வரமாட்டேன் என்கிறார்.

“ஒரு வருசம் ஓடுனாப் போதும் தம்பி” என்றேன்.

அவர் ஆயுசுக்கு நானே கையெழுத்துப் போட்டதுபோல இருந்தது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சரிக்கா என்று எழுந்துபோய் வேலையை ஆரம்பித்தான். நான் அந்த ஸ்டூலிலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன்.

சொன்னபடி புதன்கிழமை வண்டி வந்துவிட்டது. வியாழன் காலை ஐந்தரைக்கு அவரைக் கூப்பிட்டேன். இஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அருப்புக்கோட்டை தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறும்வரை காதை மட்டும் தீட்டிக்கொண்டு வந்தார். சத்தத்தை வைத்தே வண்டியின் வியாதியைச் சொல்கிற ஆள்.

“எல்லா வேலையும் செஞ்சுட்டானா?”

“செஞ்சுட்டான்.”

“எம்புட்டு நாளைக்கு ஓடுமாம்?”

“அஞ்சு வருசத்துக்கு அசையாதாம்” என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது மாதிரி ஒன்றைச் சொன்னதில்லை.

“அஞ்சு வருசமா” என்றார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அஞ்சு வருசம் ஓடுமென்றால் டயர் நாலையும் இந்த வருசமே மாற்றிவிடுவதுதான் நல்லது என்றார். அரைகுறை டயரில் ஓட்டி சஸ்பென்ஷனைக் கெடுக்கக் கூடாது. வருகிற மாசியோடு ஆர்சி முடிகிறது, புதுப்பித்தால் அஞ்சு வருசத்துக்குத்தான் கொடுப்பார்கள், கணக்கு சரியாக இருக்கும். சீட்டுத் துணி கிழிந்திருக்கிறது, பேரப்பிள்ளை கிழிசலில் விரலை விட்டு நோண்டும், அதையும் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் சொல்லி, எழுதிக்க, எழுதிக்க என்றார். வண்டி ஓட்டிக்கொண்டே எங்கே எழுதுவது. மனசில் எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் விட்டுரு என்று சொன்ன குரலா இது என்று இருந்தது.

“ரெண்டு வருசம் போகட்டும், ஒரு பெயிண்டும் அடிச்சுருவோம்” என்றார். “என்ன கலரு அடிக்கலாம்?”

நீங்களே சொல்லுங்கள் என்றேன். கண் தெரியாத மனுசர், மதுரை வருகிறவரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.